டகோமா பாலம் விழும் வீடியோவை வகுப்பில் எப்படிக் காட்டுவது?

கேள்வி சுருக்கமாக இது: சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு, ஐந்து பேர் கொண்ட குழு, 15 நிமிட செமினார். தலைப்பு, காற்றும் தொங்கு பாலங்களும். 1940-இல் அமெரிக்காவில் டகோமா நேரோஸ் பாலம் முறுக்கிக்கொண்டு விழுந்த வீடியோ யூடியூபில் ஆறு நிமிடத்துக்குக் கிடைத்திருக்கிறது. அதை அப்படியே ஓட்டலாமா? செமினார் ஹாலில் நெட் சரியாக வராது, டவுன்லோடு செய்தால் தப்பா? ஐந்து பேரும் பேசியே ஆக வேண்டும் என்று மேடம் சொல்லியிருக்கிறார், எப்படிப் பிரிப்பது?

ஆறு நிமிடத்தையும் ஓட்டாதீர்கள். 15 நிமிடத்தில் எல்லா வீடியோவும் சேர்ந்து இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், அதுவும் ஒரே மூச்சில் வேண்டாம். ஒலியை முழுக்க அணைத்துவிடுங்கள். ஹாலின் நெட்டை நம்பிப் போகாதீர்கள்.

ஒலியை அணைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யூடியூபில் கிடைக்கும் பிரதிகளில் பலவற்றில் பழைய செய்திப்பட அறிவிப்பாளரின் குரலோ, யாரோ பின்னால் சேர்த்த இசையோ இருக்கும். அந்தக் குரல் விளக்கத் தொடங்கியதும் நீங்கள் ஐந்து பேரும் பார்வையாளர்களாகிவிடுவீர்கள். திரையில் பேசும் வெள்ளைக்காரருக்கு மேடம் மார்க் போட முடியாது. நீங்கள் எடுத்திருக்கும் படம் இந்த வகையில் வசதியானது. டகோமாவில் கேமரா கடை நடத்திவந்த பார்னி எலியட், ஹார்பைன் மன்றோ இருவரும் 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்த மூலப்படத்தில் ஒலியே கிடையாது. படத்தின் மேல் பேச வேண்டியவர் நீங்கள்தான், எதையும் வெட்டி எறிந்ததாக ஆகாது. இந்தப் படத்தை 1998-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. ஸ்லைடின் அடியில் 'நன்றி: யூடியூப்' என்று போடுவதற்குப் பதிலாக எடுத்தவர்களின் பெயர், ஆண்டு, நீங்கள் எடுத்த தளம் மூன்றையும் போடுங்கள். ஏற்றியவரின் சேனல் பெயர் மட்டும் போதாது, படம் அவருடையது இல்லை.

இனி எதைக் காட்டுவது என்பதற்கு வருகிறேன். வீடியோவைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள், அலங்காரமாக வேண்டாம். அதாவது ஒவ்வொரு துண்டும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஓட்டுவதற்கு முன்பே எதைப் பார்க்க வேண்டும் என்று வகுப்புக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் ஓட்டினால் எல்லோரும் பாலம் எப்போது விழும் என்று மட்டும் காத்திருப்பார்கள்.

இந்தப் படத்தில் மூன்று துண்டுகள் போதும். முதல் துண்டு, பாலத்தின் தளம் அலை அலையாக மேலும் கீழும் போவது. இது விழுந்த நாளன்று மட்டும் நடந்தது அல்ல. 1940 ஜூலை 1 அன்று திறப்பதற்கு முன்பிருந்தே அது அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது. அதனால்தான் அதற்கு 'துள்ளும் கெர்ட்டி' என்று பட்டப்பெயர் வந்தது. இந்த இடத்தில் ஒரு ஸ்லைடில் அளவுகளைக் கொடுங்கள்: நடு இடைவெளி 2,800 அடி, அகலம் 39 அடி, பக்கவாட்டில் தாங்கிய தகட்டு உத்திரம் 8 அடி உயரம். நீளத்தில் 72-இல் ஒரு பங்குதான் அகலம். கம்பிச் சட்டங்களாக இல்லாமல் அடைத்த எஃகுத் தகடாக இருந்ததால் காற்று ஊடுருவிப் போக வழியில்லை. 1950-இல் அதே இடத்தில் கட்டிய மாற்றுப் பாலத்தில் 33 அடி ஆழமுள்ள திறந்த சட்ட உத்திரம் வைத்தார்கள். இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்துப் போட்டாலே பாதி விளக்கம் முடிந்துவிடும்.

இரண்டாவது துண்டுதான் உங்கள் செமினாரின் இதயம். நவம்பர் 7 காலையில், மணிக்கு சுமார் 65 கி.மீ. வேகக் காற்றில், மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்த தளம் திடீரென்று முறுக்க ஆரம்பித்தது. வடக்குப் பக்கத்துக் கேபிளை நடுவில் பிடித்திருந்த பட்டை நழுவியதும் ஆட்டத்தின் வகையே மாறிவிட்டது. ஒரு பாதி வலப்பக்கம் சாயும்போது மறுபாதி இடப்பக்கம் சாய்கிறது. இந்தப் பகுதியில் ஒரு மனிதர் பாலத்தின் நடுக்கோட்டிலேயே நடந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபார்குவர்சன். பாலத்தின் ஆட்டத்தைக் குறைக்க வழி தேடி மாதிரி வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தவர். அவர் ஏன் ஓரமாக நடக்காமல் நடுக்கோட்டில் நடக்கிறார்? வீடியோவை அங்கே நிறுத்திவிட்டு வகுப்பைப் பார்த்துக் கேளுங்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: முறுக்கு ஆட்டத்தில் நடுக்கோடு ஏறக்குறைய அசையாது, ஓரங்கள்தான் ஏறி இறங்கும். முறுக்கு அதிர்வில் கணுக்கோடு, அதாவது அசையாமல் நிற்கும் கோடு, என்றால் என்ன என்று போர்டில் படம் போட்டு விளக்குவதைவிட இது சீக்கிரம் புரியும். வீடியோ இருப்பதற்கு இந்த ஒரு காட்சியே போதுமான நியாயம்.

மூன்றாவது, தளம் உடைந்து விழும் 20 விநாடி. அதற்கு மேல் வேண்டாம். விழுவதுதான் எல்லோருக்கும் பிடித்தது, ஆனால் அதில் கற்றுக்கொள்ளக் குறைவாகத்தான் இருக்கிறது.

இந்த வீடியோவில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போனால் உங்கள் குழு மற்ற குழுக்களிலிருந்து தனித்துத் தெரியும். அன்று ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தவர்களின் குறிப்புப்படி பாலம் நிமிடத்துக்கு 12 முறை முறுக்கியது, அதாவது ஒரு சுற்றுக்கு 5 விநாடி. பரவலாகச் சுற்றிவரும் வீடியோவில் எண்ணினால் நிமிடத்துக்கு 18 வருகிறது. காரணம் எளிமையானது. படத்தை எடுத்தது விநாடிக்கு 16 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) என்ற வேகத்தில். பின்னால் அதைப் பிரதியெடுத்தபோது 24 சட்டங்கள் என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிட்டார்கள். ஆக, உலகம் முழுக்க வகுப்பறைகளில் பல பத்தாண்டுகளாகப் பாலம் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. டெக்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஓல்சனும் அவருடன் ஆராய்ந்தவர்களும் 2015-இல் 'பிசிக்ஸ் டுடே' இதழில் இதை எழுதினார்கள்.

உங்கள் பிரதி எந்த வகை என்று நீங்களே சோதிக்கலாம். வெட்டு இல்லாமல் தொடர்ந்து ஓடும் ஒரு காட்சியை எடுத்து, செல்போன் ஸ்டாப்வாட்சில் சில சுற்றுகளை எண்ணுங்கள். ஒரு சுற்று மூன்றேகால் விநாடி பக்கம் வந்தால் வேகம் கூட்டப்பட்ட பிரதி. அப்படியானால் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில், அதாவது 0.67-இல் ஓட்டினால் உண்மையான ஆட்டம் கிடைக்கும். யூடியூபின் வேக மெனுவில் 0.75, 0.5 என்ற ஆயத்த எண்கள் இருக்கும். அதிலேயே 'கஸ்டம்' போனால் 0.65 வைக்கலாம், கண்ணுக்கு அது போதும். பவர்பாயிண்டுக்குள் வேகத்தை மாற்ற வசதி இல்லை என்பதால், அதில் சேர்ப்பதாக இருந்தால் ஷாட்கட் மாதிரி ஓர் இலவச எடிட்டரில் முன்பே வேகத்தைக் குறைத்து, அந்தக் கோப்பைச் சேர்க்க வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதை மறைத்துச் சரிசெய்ய மாட்டேன், வகுப்பு முன்னாலேயே செய்வேன். முதலில் வழக்கமான வேகத்தில் அரை நிமிடம் ஓட்டி, எண்ணச் சொல்லுங்கள். ஒன்பது வரும். 'ஆனால் அன்று அங்கே நின்றவர்கள் அரை நிமிடத்துக்கு ஆறுதான் எண்ணினார்கள்' என்று சொல்லிவிட்டு, வேகம் குறைத்த துண்டை ஓட்டுங்கள். தூங்கிக்கொண்டிருக்கும் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். வெட்டு இல்லாத அரை நிமிடக் காட்சி கிடைக்கவில்லை என்றால் பத்து விநாடி போதும், மூன்று சுற்று வருகிறதா இரண்டு வருகிறதா என்று பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

டவுன்லோடு விஷயத்தில் இரண்டைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று சட்டம், இன்னொன்று யூடியூபின் நிபந்தனை. நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் பிரதி செய்வதையும், கல்வி நிறுவனத்துக்குள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர் ஆகியோருக்கு மட்டும் ஒரு படத்தைக் காட்டுவதையும் மீறலாகக் கருதுவதில்லை. டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவைத் தாராளமாகவே படித்தது. ஆகவே வகுப்பில் காட்டுவதற்காகப் பயப்பட வேண்டாம். அதே செமினாரைப் பதிவு செய்து டிபார்ட்மெண்ட் சேனலில் ஏற்றினால் கதை வேறு, அப்போது பார்ப்பவர்கள் வகுப்பு மட்டும் இல்லை.

யூடியூபின் நிபந்தனையோ தனி. அவர்கள் தரும் டவுன்லோடு பட்டன் இல்லாத வழியில் கோப்பாக எடுக்கக் கூடாது என்கிறார்கள். அவர்கள் தரும் ஆஃப்லைன் வசதியில் எடுத்தாலும் அது ஆப்புக்குள்தான் ஓடும், பிபிடிக்குள் வராது. இணைப்பை ஒட்டினால் எம்பி4 தருகிறோம் என்கிற தளங்களைப் பற்றி ஒரே வார்த்தை: விளம்பரத்தை மூடப் போய் எதையாவது இன்ஸ்டால் செய்துவிடுவீர்கள், அதுவும் லேப் கம்ப்யூட்டரில். இவ்வளவு சுற்றுக்கும் தேவையே இல்லை. டகோமா படம் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் விக்கிமீடியா காமன்ஸிலும் இருக்கிறது. இரண்டிலும் நேரடியாக டவுன்லோடு செய்ய வழி உண்டு, ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் உரிம நிலையும் எழுதியிருக்கும். அங்கிருந்து எடுங்கள். வேறு தலைப்புக்குத் தேடும்போதும் முதலில் இந்த இரண்டு இடங்களையும் பார்த்துவிட்டு, அப்புறம் யூடியூபில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற வடிகட்டியைப் போட்டுத் தேடுவது நல்லது.

கோப்பு கையில் வந்ததும் பவர்பாயிண்டில் 'ஆன்லைன் வீடியோ' என்ற வழியில் சேர்க்காதீர்கள். அது இணைப்பை மட்டும்தான் வைக்கும், ஹாலில் நெட் இல்லாவிட்டால் கறுப்புக் கட்டம்தான் தெரியும். நெட் இருந்தாலும் வீடியோவை ஏற்றியவர் வேறு இடங்களில் ஓட்டத் தடை போட்டிருந்தால் ஓடாது. 'இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து' என்ற வழியில் எம்பி4 கோப்பாகச் சேர்த்தால் அது பிபிடிக்குள்ளேயே உட்கார்ந்துவிடும், 'ட்ரிம்' செய்து தேவையான விநாடிகளை மட்டும் வைத்துக்கொள்ளவும் முடியும். குழுவுக்குள் வீடியோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது அமுக்கித் தரத்தைக் குறைத்துவிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொடுங்கள். பென் டிரைவில் பிபிடி மட்டும் போதாது, மூன்று துண்டுகளும் தனித்தனிக் கோப்பாகவும் இருக்கட்டும். ஹால் கம்ப்யூட்டரில் பழைய ஆபீஸ் இருந்து பிபிடிக்குள் ஓடவில்லை என்றால் விஎல்சியில் ஓட்டிவிடலாம். அதுவும் முடியாத நாளுக்காக, ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரு நிலைப்படத்தை ஸ்லைடுகளின் கடைசியில் வைத்துவிடுங்கள். ஃபார்குவர்சன் நடுக்கோட்டில் நிற்கும் நிலைப்படம் ஒன்றே இருந்தாலும் உங்கள் கேள்வியைக் கேட்டுவிட முடியும்.

சில சமயம் வேறு வழியின்றி நேரலையாகவே ஓட்ட வேண்டி வரும். வகுப்புக்கு முன்பே செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, விளம்பரம் முடிந்து, வீடியோ சரியான விநாடியில் நிற்கும் நிலையில் டேபைத் திறந்து வைத்திருங்கள். தரத்தைத் தானியங்கியில் விடாமல் 480-இல் வைத்துவிட்டால் பாதியில் சுற்றாது. இந்த 16 மி.மீ. படத்துக்கு அது தாராளம். கூகுள் ஸ்லைட்ஸில் யூடியூப் வீடியோவைச் சேர்த்தால் எந்த விநாடியில் தொடங்கி எதில் முடிய வேண்டும் என்று குறிக்கலாம், ஒலியையும் அங்கேயே அணைக்கலாம். பிரவுசரில் நேரடியாக ஓட்டினால் கே என்ற கீயில் நிற்கும், எஃப் கீயில் திரை முழுக்க வரும், ஜே கீயில் பத்து விநாடி பின்னால் போகும். நிறுத்திய பிறகு காற்புள்ளி, முற்றுப்புள்ளிக் கீகளால் ஒவ்வொரு சட்டமாக நகர்த்தலாம். முறுக்கைக் காட்ட இந்தக் கடைசி வசதி மிகவும் உதவும். இன்காக்னிடோ ஜன்னலில் ஓட்டுவது மரியாதைக்கு நல்லது. வீடியோ முடிந்ததும் நேற்று இரவு யார் என்ன பார்த்தார்கள் என்பதை வைத்து யூடியூப் பரிந்துரை செய்யும். வாட்ஸ்அப் வெப்பையும் மூடிவிடுங்கள்.

ஒலி தேவையில்லாத செமினார் என்பதால் நீங்கள் தப்பித்தீர்கள். ஒலி தேவைப்படும் குழுக்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: பழைய புரொஜெக்டரில் எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் போட்டால் விஜிஏ வயரில் ஒலி போகாது, தனியாக ஆடியோ வயர் போட வேண்டும். நேரடி எச்டிஎம்ஐ என்றால் நேர்மாறு, லேப்டாப் சத்தத்தைப் புரொஜெக்டருக்கு அனுப்பிவிட்டு ஊமையாக நிற்கும்.

ஐந்து பேர் விஷயத்துக்கு வருவோம். வழக்கமாக ஸ்லைடுகளை ஐந்தாக வெட்டி ஆளுக்கு மூன்று நிமிடம் என்று பிரிப்பார்கள், மைக் கைமாறும் ஒவ்வொரு முறையும் வகுப்பு செல்போனை எடுக்கும். இதற்கு அப்படிப் பிரிக்காதீர்கள். வீடியோ ஓடும்போது பேசுபவரும் லேப்டாப்பில் உட்காருபவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும். பேசுபவர் திரையைப் பார்த்து, கையால் காட்டிப் பேசுவார். லேப்டாப்காரர் அவர் சொல்லும் குறிப்பிட்ட சொல்லில் நிறுத்துவார். 'இங்கே பாருங்கள்' என்றால் நிறுத்தம் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இந்த இருவருக்கும்தான் ஒத்திகை அதிகம் தேவை, அதுவும் அந்த ஹாலிலேயே, அந்தப் புரொஜெக்டரிலேயே.

பாலத்தின் அளவுகளும் முதல் துண்டும் ஒருவருக்கு. முறுக்குத் துண்டும் நடுக்கோட்டுக் கேள்வியும் குழுவில் நன்றாகப் பேசுபவருக்கு. வீடியோவைக் கண்டுபிடித்தவருக்குத்தான் அது போக வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். வேகக் கணக்கும் எண்ணும் சோதனையும் கணக்கு வரும் ஒருவருக்கு. விழும் துண்டும் மாற்றுப் பாலமும் நான்காமவருக்கு. ஐந்தாமவர் லேப்டாப்பில் இருந்துவிட்டு, முடிவில் எழுந்து வந்து 'இது ரெசனன்ஸா?' என்ற கேள்வியை எடுக்கட்டும். அவருக்கும் பேச்சு கணக்காகிவிடும், வீடியோவை எல்லோரையும்விட அதிகம் பார்த்தவரும் அவராகத்தான் இருப்பார்.

அந்த ரெசனன்ஸ் கேள்வி வந்தே தீரும், மேடமே கேட்கலாம். இயற்பியல் பாடங்களில் பல காலமாக இதை ரெசனன்ஸுக்கு, அதாவது ஒத்ததிர்வுக்கு, உதாரணமாகச் சொல்லிவந்தார்கள். 1991-இல் பில்லா, ஸ்கேன்லன் இருவரும் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில் அதை மறுத்தார்கள். அன்றைய காற்று வேகத்தில் தளத்தின் பின்னால் காற்றுச் சுழல்கள் உதிர்ந்த வேகம் விநாடிக்கு ஒன்று பக்கம் வரும். பாலம் முறுக்கியதோ ஐந்து விநாடிக்கு ஒரு முறை. இரண்டும் பொருந்தவே இல்லை. நடந்தது வெளியிலிருந்து தாளம் தப்பாமல் யாரோ தள்ளியது போன்றதல்ல. தளம் முறுக்க முறுக்க, அந்த அசைவே காற்றிலிருந்து இன்னும் ஆற்றலை இழுத்துக்கொண்டது. ஃப்ளட்டர் என்று உங்கள் பாடத்தில் வருவது இதுதான். வீடியோவின் வேகத்தைச் சரிசெய்துகொண்ட குழுவுக்கு இந்த ஐந்து விநாடி என்ற எண் ஏற்கெனவே கையில் இருக்கும். வகுப்பும் அதைத் தானே எண்ணிப் பார்த்திருக்கும். அதனால் வேகச் சோதனையை இந்த விளக்கத்துக்கு முன்னால் வையுங்கள், பின்னால் வேண்டாம்.

கேள்வி நேரத்தில் 'நன்றி' ஸ்லைடைப் போட்டு வைக்காமல், முறுக்கின் உச்சத்தில் நிறுத்திய சட்டத்தைத் திரையில் விட்டுவையுங்கள். கேள்விகள் தானாக அதைச் சுற்றியே வரும். பாலத்தின் மேல் நிற்கும் அந்தக் காரைப் பற்றி யாராவது கேட்பார்கள். அது லெனார்ட் கோட்ஸ்வொர்த் என்ற செய்தித்தாள்காரருடையது, அவர் தவழ்ந்து தப்பித்தார். அவருடைய டபி என்ற நாய் காருக்குள் இருந்தது. ஃபார்குவர்சன் போய் அதை வெளியே எடுக்கப் பார்த்தபோது பயத்தில் அவர் கையைக் கடித்துவிட்டது. அன்று போன ஒரே உயிர் அதுதான். இதற்கு அரை நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், நாய்க் கதையில் இறங்கிவிட்ட வகுப்பைத் திரும்பவும் ஃப்ளட்டருக்குக் கொண்டுவருவது கஷ்டம்.